அரிய வகைக் கேன்சரா? முதலில் பிளாக்கை வாங்குங்கள்

எனக்கு இருப்பது ஜிஸ்ட். உணவுப்பாதைச் சுவரில் வரும் அரிய வகைக் கட்டி. எனக்குச் சிறுகுடலில் வந்தது. எட்டு மாதம் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டேன். எண்டோஸ்கோபியில் எதுவும் தெரியவில்லை, அந்தக் குழாய் என் கட்டி இருந்த இடம்வரை போகாது. ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடத்துக்குள் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. இப்போது தினமும் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். கொளத்தூரில் வீடு, எட்டாம் வகுப்பில் மகள், மூன்றாம் வகுப்பில் மகன்.

நாலு பேருக்குத் தெரிந்த கேன்சர் என்றால் பக்கத்து வீட்டு அக்காவே பாதி வழி சொல்லிவிடுவார். அரிய வகை என்றால் மருந்துக்கடைக்காரரிடமும் இன்சூரன்ஸ்காரரிடமும் நாம்தான் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சிகிச்சை என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். நான் சொல்லப்போவது காகிதம், காசு, நாள்கணக்கு, பிள்ளைகள்.

1. டிஸ்சார்ஜ் ஆகும்போதே பிளாக்கைக் கேளுங்கள்

ஆபரேஷனில் எடுத்த கட்டியிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி மெழுகில் பதித்து வைப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு: அதுதான் பிளாக். அதை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால் ஸ்லைடு. பின்னால் அந்தக் கட்டியில் யார் என்ன சோதனை செய்ய நினைத்தாலும் இந்தப் பிளாக்தான் வேண்டும்.

பில் கட்டும் அவசரத்தில் நான் கேட்கவில்லை. தேவைப்பட்டபோது, வெளி லேபுக்கு அனுப்பினோம் என்றது ஆஸ்பத்திரி. திருப்பி அனுப்பிவிட்டோம் என்றது லேப். கண்டுபிடிக்க 19 நாள் ஆனது. கல்லீரலில் கட்டி வளர்ந்துகொண்டிருந்த 19 நாள் அவை.

கொண்டுபோக வேண்டியவை: பயாப்ஸி ரிப்போர்ட்டின் நகல் (அதன் மேலே இருக்கும் பயாப்ஸி எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்), டிஸ்சார்ஜ் சம்மரி நகல், ஆதார் நகல், நீங்கள் கையெழுத்திட்ட கடிதம். உங்களுக்குப் பதில் வீட்டுக்காரரோ தம்பியோ போனால், அவரிடம் கொடுக்கச் சம்மதம் என்று கடிதத்திலேயே எழுதுங்கள், அவருடைய அடையாள அட்டையும் வேண்டும். பிளாக் எடுத்து வைத்திருப்பது வரவேற்பறையில் இல்லை. நேராக, திசுவைச் சோதிக்கும் பேதாலஜி பிரிவுக்குப் போங்கள். கட்டி அதிகமாக இருக்கும் பிளாக் எது என்று அங்கே உள்ள டாக்டரிடம் கேட்டு, அதில் ஒன்றோ இரண்டோ வாங்கினால் போதும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒப்படைக்காதீர்கள். ஒன்று தொலைந்தால் மற்றொன்று இருக்க வேண்டும்.

வாங்கியதும் ஈரம் படாத டப்பாவில் வைத்து பீரோவில் வையுங்கள். அந்த மெழுகு 55 முதல் 60 டிகிரிக்குள் உருகிவிடும். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்காதீர்கள்.

கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு போன்ற ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான நடத்தை விதிகள் (2002) சொல்கின்றன. "அதெல்லாம் கொடுக்க மாட்டோம்" என்று கவுன்டரில் சொன்னால் சண்டை போடாமல், இந்த விதியைக் குறிப்பிட்டு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு மறுநாளே கிடைத்தது.

2. ரிப்போர்ட்டில் என்ன இல்லை என்று பாருங்கள்

என் முதல் ரிப்போர்ட்டில் "ஸ்பிண்டில் செல் கட்டி" என்று மட்டும் இருந்தது. அது நுண்ணோக்கியில் செல்கள் தெரிந்த விதம். நோயின் பெயர் இல்லை. ஜிஸ்ட் என்று உறுதிசெய்ய ஐஹெச்சி என்ற சாயச் சோதனை வேண்டும். அதில் சிடி117, டாக்1 என்ற இரண்டு புரதங்களையும் தேடுவார்கள். அதோடு கட்டி எத்தனை சென்டிமீட்டர், எந்த இடம், செல்கள் பிரியும் வேகத்தைச் சொல்லும் மைட்டோசிஸ் எண்ணிக்கை, ஆபரேஷனுக்கு முன்போ அப்போதோ கட்டி உடைந்ததா என்ற நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். திரும்ப வரும் ஆபத்தை இவற்றை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எதாவது விடுபட்டிருந்தால் பேதாலஜி டாக்டரிடம் சொல்லி அதே பிளாக்கிலிருந்து பார்த்துக் கூடுதல் ரிப்போர்ட் வாங்கலாம்.

அடுத்தது, கட்டியின் மரபணுவில் என்ன மாற்றம் என்று பார்க்கும் மியூட்டேஷன் டெஸ்ட். இதில்தான் நான் இழந்தது அதிகம். ஜிஸ்ட் பெரும்பாலும் கிட் என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால் வருகிறது. மாற்றம் அந்த மரபணுவின் எக்ஸான் 11 என்ற பகுதியில் இருந்தால், இமாடினிப் என்ற மாத்திரை தினமும் 400 மில்லிகிராமே பொதுவாக நன்றாக வேலை செய்யும். எக்ஸான் 9இல் இருந்து, நோயும் பரவியிருந்தால் 800 வரை தேவைப்படலாம். பிடிஜிஎஃப்ஆர்ஏ என்ற வேறொரு மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாடினிப் பலனே தராது. எனக்கு இந்தச் சோதனையைச் செய்யாமலே 400 கொடுத்தார்கள். ஐந்து மாதம் கழித்து ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. அதன் பிறகுதான் டெஸ்ட்; எக்ஸான் 9. டோஸ் கூட்டியதும் நின்றது.

முடிவு வர எனக்கு 16 நாள் ஆனது, செலவு 18,000 ரூபாய். லேபுக்கு லேப் விலை மாறும், நாலு இடத்தில் விசாரியுங்கள். உங்களுடையது வேறு அரிய வகையாக இருந்தால் கேட்க வேண்டிய சோதனையின் பெயர் மாறும். கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், மருந்தைத் தொடங்குவதற்கு முன்னால் இந்தப் பிளாக்கில் செய்ய வேண்டிய சோதனை எதுவும் பாக்கி இருக்கிறதா?"

3. இரண்டாவது டாக்டரிடம் காட்டுவது துரோகம் இல்லை

முதல் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நான் தயங்கினேன். நான் சொன்னபோது அவரே ஸ்லைடு எடுத்துக் கொடுத்தார். சென்னையிலேயே அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி வேலூர் சிஎம்சி. மும்பை டாடா மெமோரியல் டாக்டர்களின் கருத்தை, ரிப்போர்ட்டுகளை அனுப்பி நவ்யா சேவை வழியாக வீட்டிலிருந்தே பெறவும் முடியும். டாக்டரைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள்: "இந்த நோயுள்ளவர்கள் இப்போது எத்தனை பேர் உங்களிடம் இருக்கிறார்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் இதற்குச் சங்கடப்பட மாட்டார்.

வெளியூர் போனால் ரயில் சலுகையை விடாதீர்கள். சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போகும் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் ரயில்வேக்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். டிக்கெட்டை முன்பதிவு கவுன்டரில்தான் எடுக்க வேண்டும். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் வளாகத்துக்கு நான் காலை எட்டு மணிக்கே போய்விடுவேன்.

4. பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். நாங்கள் விசாரித்தபோது குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். எங்களுக்குக் கிடைக்கவில்லை. என்னோடு ஸ்கேனுக்குக் காத்திருந்த வியாசர்பாடி அக்கா ஒருவருக்காகக் கூடவே அலைந்தேன், அதனால் வழி தெரியும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு, குடும்பத்தில் எல்லாருடைய ஆதார், வருமானச் சான்றிதழ். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம், வர ஒன்பது நாள் ஆனது. பிறகு ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் காப்பீட்டுத் திட்டப் பிரிவு. அக்காவின் வேலை அங்கே ஒரு இனிஷியலால் நின்றது: ரேஷன் கார்டில் அப்பா பெயரின் இனிஷியல், ஆதாரில் கணவர் பெயர். இதைச் சரிசெய்யவே இன்னும் இரண்டு வாரம். நோய் உறுதியான அன்றே எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி, பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இந்தத் திட்டத்தில் சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் கேட்டுப் பயனில்லை.

தனியார் இன்சூரன்ஸ். ஆபரேஷனுக்குப் பணம் வந்தது. மாத்திரைக்கு மறுத்தார்கள், இரண்டு காரணம் சொல்லி. ஒன்று, "இது ரத்தப் புற்றுநோய் மருந்து, உங்களுக்குக் குடலில்தானே கட்டி?" இமாடினிப் இரண்டு நோய்க்கும் கொடுக்கும் மருந்து என்று டாக்டர் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார், அது தீர்ந்தது. அந்தக் கடிதத்தை முதல் கிளெய்மிலேயே இணைத்துவிடுங்கள். இரண்டாவது, "ஆஸ்பத்திரியில் படுக்காமல் வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்குக் கிடையாது." வாய்வழிக் கீமோதெரபியைப் பாலிசியிலிருந்து அடியோடு விலக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ 2019இல் சொல்லியிருக்கிறது, ஆனால் உச்சவரம்பு வைக்கலாம். உங்கள் பாலிசியில் அந்த வரம்பு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ புகாரை விசாரித்துத் தீர்க்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நான் போனேன், பாதித் தொகை வந்தது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கி இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் "நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன்" என்று கேளுங்கள். கேன்சருக்கு ஊதியத்தில் 80 சதவீதம், இரண்டு வருடம்வரை உண்டு. அதற்கு இரண்டு வருடம் வேலையில் இருந்து, 156 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். இதைத் தெரியாமலே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன் விசாரியுங்கள்.

வருமான வரியில், பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 1961 சட்டத்தின் 80டிடிபி பிரிவில் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய்வரை கழிவு உண்டு. நோயாளிக்கு 60 வயது ஆகிவிட்டது என்றால் ஒரு லட்சம். இன்சூரன்ஸ் கொடுத்தது போக மீதிக்குத்தான். கேன்சர் டாக்டரின் பதிவு எண்ணோடு கூடிய பரிந்துரைச் சீட்டு வேண்டும். மார்ச் கடைசியில் டாக்டரைப் பிடிக்க ஓடாமல் ஜனவரியிலேயே வாங்கி வையுங்கள்.

5. மாத்திரையோடு குடித்தனம்

இமாடினிப்பை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்டு முடித்ததும் பெரிய டம்ளர் தண்ணீரோடு போடுங்கள். காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கும், ராத்திரி கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும், சில நாள் வயிறு போகும். எல்லாவற்றையும் தேதியோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள்.

வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின் இரண்டும் இதன் வேகத்தைக் குறைத்துவிடும். சில ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் கூட்டிவிடும். கிரேப்ஃப்ரூட் வேண்டாம் (திராட்சை இல்லை, பெரிய ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழம்). என் மாமியார் அன்போடு வாங்கிவந்த நாட்டு மருந்து லேகியத்தை டாக்டரிடம் மறைத்தது என் தப்பு. அந்த மாதம் கல்லீரல் டெஸ்ட் ஏறியது எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்த மருந்து சாப்பிடும்போது கர்ப்பம் தரிக்கக் கூடாது, தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. இன்னும் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் முதல் மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

விலையைக் கட்டாயம் விசாரியுங்கள். ஒரே 400 மில்லிகிராமுக்கு மூன்று கடையில் மூன்று விலை, எனக்கு மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தது. மக்கள் மருந்தகத்திலும் கேளுங்கள். கம்பெனி மாற்றினால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

அக்டோபர் பிறந்ததும் ஒரு மாத மாத்திரை கூடுதலாக வாங்கி வைத்துவிடுவேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரன்ட் இல்லை, கையில் இருந்தது நாலே நாலு மாத்திரை. அந்த மூன்று நாள் பயத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

6. ஸ்கேன் நாள்

ஸ்கேனுக்கு முந்தின வாரம் கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்த டெஸ்ட்டைப் பார்த்து வையுங்கள், படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் டைக்கு அதைக் கேட்பார்கள். முடிந்தவரை ஒரே சென்டரில் எடுங்கள், பழைய படங்கள் உள்ள சிடியை (கம்ப்யூட்டர் தட்டு) கொண்டுபோங்கள், புதிய படத்தையும் ஃபிலிமோடு சிடியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜிஸ்டுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மருந்து வேலை செய்யும்போது கட்டி உள்ளே செத்து நீர் கோத்து, அளவில் சற்றுப் பெரிதாகக்கூடத் தெரியலாம். அளவை மட்டும் பார்ப்பவர் "நோய் முற்றுகிறது" என்று எழுதிவிடுவார். அடர்த்தி குறைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். "ஜிஸ்ட், இமாடினிப் சாப்பிடுகிறார், அடர்த்தியை ஒப்பிடவும்" என்று ஸ்கேன் சீட்டிலேயே டாக்டரை எழுதச் சொல்லுங்கள்.

7. பிள்ளைகளிடம் சொல்வது

"அம்மாவுக்கு வயிற்றில் புண்" என்று ஒரு வருடம் ஓட்டினோம். மகள் மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் போனில் தேடியிருக்கிறாள். வந்தது ரத்தப் புற்றுநோய். பதினொரு வயதுப் பிள்ளை, இரண்டு வாரம் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள் வைத்திருந்தாள். மகன் அப்போது சின்னவன். சொன்ன பிறகு அவன் கேட்டது: "நான் உன் வயித்துல ஏறிக் குதிச்சேனே, அதனாலயாம்மா?"

அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள். எந்த வயதாக இருந்தாலும் நோயின் பெயரோடு சொல்லுங்கள். பிறகு மூன்று விஷயம்: உன்னால் வரவில்லை; தொட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது; அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் உன்னைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது இன்னார். மூன்றாவதுதான் அவர்களுக்கு முக்கியம். "அம்மா செத்துப்போயிடுவியா?" என்று மகள் கேட்டபோது, "இப்போ மருந்து வேலை செய்யுது. வேலை செய்யலைன்னா வேற மருந்து இருக்கு. எது நடந்தாலும் உங்கிட்ட மறைக்க மாட்டேன்" என்றேன். அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்கேன் முடிவை அன்று சாயங்காலமே சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் வகுப்பாசிரியரிடம் மட்டும் நேரில் சொல்லுங்கள். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு அட்டவணை வந்ததும் ஸ்கேன் தேதியை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் சரி என்றார். சொந்தக்காரர்கள் பிள்ளைகள் எதிரே "ஐயோ பாவம்" என்று அழுவதைத் தடுக்கும் வேலையை என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். வாசலிலேயே சொல்லிவிடுவார்.

ஜிஸ்ட் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. சில வகைகள் வரும். மியூட்டேஷன் ரிப்போர்ட்டைக் காட்டி, பிள்ளைகளுக்குச் சோதனை தேவையா என்று ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

8. ஆராய்ச்சிக்குக் கொடுப்பது

400 மில்லிகிராமா 800ஆ என்று எனக்கு ஒரு விடை கிடைத்தது, எனக்கு முன்னால் யாரோ தங்கள் கட்டியையும் ரத்தத்தையும் ஸ்கேனையும் கொடுத்ததால். அரிய நோயில் ஒவ்வொரு நோயாளியின் கணக்கும் பெரிது.

முதல் வழி, திசு. ஐஐடி மெட்ராஸில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. பங்கேற்கும் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு முன் ஒப்புதல் வாங்கி, சிகிச்சைக்கும் சோதனைக்கும் போக மிஞ்சியதைப் பெயர் நீக்கி எடுத்து வைக்கிறார்கள். ஆபரேஷன் தேதி குறித்ததுமே "திசு வங்கிக்குக் கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள், முடிந்த பிறகு கேட்டால் தாமதம். உங்கள் கையில் உள்ள பிளாக்கை ஆராய்ச்சிக்குக் கேட்டால், உங்கள் சிகிச்சைக்கு ஒன்று பத்திரமாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு மற்றதைக் கொடுங்கள்.

இரண்டாவது, மருந்துப் பரிசோதனை. இந்தியாவில் நடப்பவை சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். நோயின் பெயரைப் போட்டு யாரும் தேடலாம், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, ஆள் சேர்க்கிறார்களா என்று தெரியும். யாராவது "ஆராய்ச்சிச் சிகிச்சை" என்று சொல்லிப் பணம் கேட்டால் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், உங்களுக்குப் புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் 14 பக்கத்தையும் வீட்டுக்காரரோடு இரண்டு ராத்திரி படித்தேன். கேட்க வேண்டியவை: இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டுமா, கூடுதல் பயாப்ஸி உண்டா, போக்குவரத்துச் செலவு தருவார்களா, பரிசோதனை முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா. பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் மருந்துப் பரிசோதனைக்கான 2019 விதிகளில் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது. பங்கேற்பவர்களின் நலனைக் கண்காணிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கும், தனியாகக் குறித்து வையுங்கள். உங்கள் கையெழுத்திட்ட நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

பிள்ளைகளின் ரத்தத்தை ஆராய்ச்சிக்குக் கேட்டால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. ஏழு வயதுக்கு மேல் பிள்ளையிடமும் கேட்க வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறை. என் மகன் ஊசி வேண்டாம் என்றான். விட்டுவிட்டோம்.

மூன்றாவது, ஆட்கள். ஜிஸ்டுக்கும், சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கும் ஃபிரண்ட்ஸ் ஆஃப் மேக்ஸ் என்ற நோயாளிகள் அமைப்பு இந்தியாவில் இருக்கிறது. என் நோயின் பெயரை நான் விளக்காமலே புரிந்துகொண்ட முதல் மனிதர்களை அங்கேதான் சந்தித்தேன்.

9. ஒரே பைல்

இருபது பிளாஸ்டிக் உறை உள்ள ஒரு பைல், 150 ரூபாய். தேதி வரிசையில், புதியது மேலே. நகல் ஒன்று வீட்டுக்காரர் போனில். முதல் உறையில் ஒரே ஒரு தாள்: நோயின் பெயர், எக்ஸான், மருந்து, டோஸ், அலர்ஜி, டாக்டரின் எண், பிள்ளைகளை அழைத்துவர வேண்டியவரின் எண். அதற்குக் கீழே பயாப்ஸி எண், பிளாக் எத்தனை, ஒவ்வொன்றும் இப்போது எங்கே இருக்கிறது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள், எப்போது திரும்பி வரும் என்று பென்சிலில். ஒன்று இடம் மாறினால் அழித்துவிட்டு எழுதுகிறேன். போன மாதம் எழுதியது மகள்.